வேலிக்கு இன்னொரு பெயர் 382

“மாடுகள் ஓடைக்குள் இறங்கிவிடுகின்றன. கரை சரிந்துகொண்டே போகிறது. ஒரு வேலி போட்டால் தேவலை.” அமெரிக்க நாட்டுப்புறக் கவுண்டி ஒன்றில் முப்பது நாற்பது மாடுகளை வைத்துப் பிழைக்கும் உழவர் தம் சிக்கலைச் சொன்னால் ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார். வேளாண்மைத் துறையின் அலுவலகத்தில் இதே செய்தி வேறொரு மொழியில் எழுதப்படும். அங்கே வேலியின் பெயர் 382. ஓடைக்கு மாற்றாக மாடுகளுக்கு அமைத்துத் தரும் தண்ணீர்த் தொட்டி 614. அத்தொட்டிக்கு நீர் கொண்டுசெல்லும் குழாய் 516. புல்வெளியைப் பகுத்து மாடுகளை மாற்றி மாற்றி மேய்க்கும் முறை 528. முதன்மைப் பயிர் இல்லாத பருவத்தில் மண்ணைக் காக்க விதைக்கும் மூடுபயிர் 340. இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்னும் நடுவண் அமைப்பு, தன் உதவிக்கு உரிய ஒவ்வொரு வேலைக்கும் இப்படி ஓர் எண்ணும், அந்த எண்ணுக்கு ஒரு தர வரையறையும் வைத்திருக்கிறது.

எண்கள்கூடப் பெரிய தடையாவதில்லை. அவற்றை அலுவலரே இட்டுக்கொள்வார். தடை அதற்கு முன்பே, பேசும் வாக்கியத்தில் தொடங்கிவிடுகிறது. உழவரின் மூன்று வாக்கியங்களில் அவர் முதன்மையாகக் கருதுவது மூன்றாவதை. அவருக்கு வேண்டியது வேலி. அலுவலகத்துக்கோ அந்த மூன்றாவது வாக்கியம் தனித்து வந்தால் பொருளே இல்லை. வேலிக்கென்று அங்கே பணம் கிடையாது. மண்ணரிப்பு, நீர் மாசு, மேய்ச்சல் நிலத்தின் நலிவு என ஏதேனும் ஒரு ‘ரிசோர்ஸ் கன்சர்ன்’ முதலில் நிறுவப்பட வேண்டும். தமிழில் வளக் குறை எனலாம். வேலி அக்குறைக்கான மருந்தாகப் பின்னர் வர வேண்டும். ஆகவே “வேலி போடப் பணம் தருவீர்களா?” என்று தொலைபேசியில் கேட்பவருக்கு “அப்படித் திட்டம் எதுவும் இல்லையே” என்ற விடை கிடைக்கக்கூடும். விடை சொன்னவர் பொய் சொல்லவுமில்லை. “என் ஓடைக்கரை அரித்துக்கொண்டு போகிறது, வந்து பாருங்கள்” என்பவரின் நிலத்துக்கு அதே அலுவலகத்திலிருந்து ஆள் வர வாய்ப்புண்டு. தன் விருப்பத்தைப் பயனிலையாக்கிப் பேசுவதா, நிலத்தை எழுவாயாக்கிப் பேசுவதா என்ற இலக்கண வேறுபாடு இங்கே சில ஆயிரம் டாலர் பெறும்.

பமீலா ஹெர்டும் டொனால்டு மொய்னிஹனும் 2018-ல் வெளியிட்ட ‘நிர்வாகச் சுமை’ என்னும் ஆங்கில நூல், அரசுத் திட்டத்தை நாடும் குடிமக்கள் சுமக்கும் செலவுகளை மூன்றாகப் பகுக்கிறது: அறிந்துகொள்ளும் செலவு, விதிகளுக்கு உட்படும் செலவு, மனத்தளவில் படும் செலவு. பயனுள்ள பகுப்புதான். ஆனால் ‘அறிந்துகொள்ளும் செலவு’ என்னும் தொடர், செய்தி எங்கோ ஓரிடத்தில் ஆயத்தமாக இருப்பதுபோலவும், போய் எடுத்துவருவது மட்டுமே பாக்கி என்பதுபோலவும் ஒரு தோற்றத்தைத் தந்துவிடுகிறது. நாட்டுப்புறக் கவுண்டியில் திட்டங்கள் ஒளித்துவைக்கப்படவில்லை. துறையின் இணையதளத்தில் எல்லாமே உண்டு. கற்க வேண்டியது ஒரு கிளைமொழி. கிளைமொழியை எவரும் இணையதளத்தில் கற்பதில்லை. அதைப் பேசுவோரிடையே வளர்ந்தால் வரும். தந்தை முப்பது ஆண்டு அந்த அலுவலகத்துக்குப் போய்வந்த வீட்டில் மகனுக்கு அது தாய்மொழிபோல வந்துவிடுகிறது. அந்த வாசலை மிதிக்காத வீட்டில், அல்லது மிதித்துத் திருப்பி அனுப்பப்பட்ட வீட்டில், பேரக்குழந்தைக்கும் வருவதில்லை.

கவுண்டி என்பதைப் பற்றி ஒரு சொல். நாட்டில் கவுண்டிகளும் அவற்றுக்கு நிகரான பிரிவுகளும் 3,100-க்கு மேல் உள்ளன. நம் மாவட்டத்தைவிடப் பெரும்பாலும் மக்கள்தொகையில் மிகச் சிறியவை. மொழிபெயர்ப்பில் ‘மாவட்டம்’ என்று எழுதிவிடலாமே என்றால், அதற்குள்ளேயே மண் பாதுகாப்பு மாவட்டம் என்று இன்னொன்று வந்து குழப்பும். வேளாண்மைத் துறைக்கு 2,300-க்கும் மேற்பட்ட சேவை மையங்கள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும், பல கவுண்டிகளுக்குச் சொந்த மையம் இல்லை. பக்கத்துக் கவுண்டிக்குக் காரோட்டிப் போக வேண்டும். மையத்துக்குள் நுழைந்தால், ஒரே கூரையின்கீழ் வழக்கமாக இரண்டு அமைப்புகள் அமர்ந்திருக்கும். பண்ணைச் சேவை முகமை என்னும் எஃப்.எஸ்.ஏ. பதிவேடு, கடன், பேரிடர் நிவாரணம், விலை ஆதரவு ஆகியவற்றைப் பார்க்கும். என்.ஆர்.சி.எஸ். எனப்படும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை நிலத்தைப் பார்க்கும். இவற்றோடு, பல இடங்களில் அதே கட்டடத்தில், மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த மண் பாதுகாப்பு மாவட்டமும் இருக்கும். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விரிவாக்க அலுவலர் இன்னொரு கட்டடத்தில் இருப்பார். புதிதாக வருபவர் கண்ணுக்கு இவர்கள் அனைவரும் ‘கவர்ன்மென்ட்’. உள்ளே இருப்பவர்களுக்கோ ஒவ்வொருவரும் வேறு சட்டம், வேறு பணம், வேறு மேலதிகாரி.

இந்தப் பலவாசல் அமைப்பு தற்செயலாக வந்ததன்று. ஹியூ ஹாமண்ட் பென்னட் வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் 1881-ல் பருத்திப் பண்ணையொன்றில் பிறந்தவர். மண்ணியலாளராக நாடெங்கும் அலைந்து, மேல்மண் போய்க்கொண்டிருக்கிறது என்பதை யாரும் செவிமடுக்காத காலத்தில் சொல்லிவந்தவர். 1935 ஏப்ரல் 14 அன்று சமவெளிகளைக் கறுப்பாக்கிய புழுதிப் புயல் வீசியது. அதே மாதம் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. பென்னட் அப்புதிய அமைப்பின் தலைவரானார். ஆனால் வாஷிங்டனிலிருந்து ஒருவர் வந்து உழவரிடம் உழாதே என்றால் எடுபடாது என்பது அன்றைக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. எனவே 1937-ல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, உள்ளூர் உழவர்களே நடத்தும் மண் பாதுகாப்பு மாவட்டங்களை உருவாக்கச் சொன்னார். முதலாவதாக அமைந்தது பிரவுன் கிரீக் மாவட்டம், 1937 ஆகஸ்டில், பென்னட் பிறந்த அதே ஆன்சன் கவுண்டியில். இன்று நாடெங்கும் ஏறத்தாழ மூவாயிரம் மாவட்டங்கள். உள்ளூர்க்காரர் முடிவெடுக்க வேண்டும் என்பது அழகான கொள்கை. உள்ளூர்க்காரர் என்று யாரை எண்ணினார்கள் என்னும் கேள்வி அந்தக் கொள்கைக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது.

அக்கேள்விக்கு வருமுன் பண்ணை எண்ணைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் எல்லாம் அதிலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்கப் புள்ளியியலில் பண்ணைக்கு ஒரு வரையறை உண்டு. ஓராண்டில் 1,000 டாலர் மதிப்புள்ள விளைபொருளை விற்ற, அல்லது இயல்பாக விற்றிருக்கக்கூடிய எந்த இடமும் பண்ணை. 1974 முதல் இதுதான் வரையறை. 2022 வேளாண் கணக்கெடுப்பில் இப்படி எண்ணப்பட்டவை ஏறத்தாழ 19 லட்சம். சேவை மையத்தின் பண்ணை இதனினும் வேறு. அங்கே நிலம் பண்ணையாவது அதற்கு ஓர் எண் தரப்படும்போதுதான். பண்ணை எண், அதன் கீழ் டிராக்ட் எண், அதன் கீழ் வயல் எண். வானிலிருந்து எடுத்த படத்தின்மீது கோடிட்டு ஒவ்வொரு வயலுக்கும் ஏக்கர் கணக்கு. தோட்டத்தில் தக்காளி காய்த்துக் குலுங்கலாம், சந்தையில் விற்றும் வரலாம். எண் இல்லாதவரை அந்தக் கட்டடத்துக்குள் அது பண்ணை இல்லை. எண் பெற அடையாளம் வேண்டும், நிலத்தின்மீது உரிமையோ குத்தகையோ இருப்பதைக் காட்டும் ஆவணம் வேண்டும். பின்னர் ஏ.டி.-1026 என்றொரு படிவம். எளிதில் அரிக்கும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழமாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிடமாட்டேன் என்று கையெழுத்திடுவது. 1985-ன் பண்ணைச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனை. பிறகு வருமான வரம்புக்கு ஒரு படிவம். இவையெல்லாம் எஃப்.எஸ்.ஏ. மேசையில் முடிந்த பிறகே பக்கத்து மேசையின் என்.ஆர்.சி.எஸ். ஓடைக்கரைக்கு வர முடியும். பாதுகாப்புத் திட்டம் தேடிப் போகிறவர்களில் பலர் கால் வைக்கும் முதல் மேசை தவறான மேசையாக அமைவதற்குக் காரணம் இந்த வரிசைதான். யாரும் அதை வாசலில் எழுதி வைப்பதில்லை.

உரிமையைக் காட்டும் ஆவணம் என்ற மூன்று சொற்களுக்குள் தெற்கு மாநிலங்களின் வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் பிரிக்கப்படாமல் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகப் போகும். அடுத்த தலைமுறையில் பங்குகள் மேலும் பெருகும். நம் கூட்டுப் பட்டாவை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். வெள்ளையர் நீதிமன்றத்தை நம்ப வழியில்லாத கறுப்பினக் குடும்பங்களில் இவ்வாறு உயிலின்றிக் கைமாறிய நிலம் மிகுதி. அந்நிலத்தில் ஒருவர் வாழ்நாள் முழுதும் உழுதிருக்கலாம், வரி கட்டியிருக்கலாம். பத்திரத்தில் இருப்பதோ பாட்டனாரின் பெயர். இன்னும் கொடியது, தொலைவில் வாழும் ஒரு பங்காளியின் சிறு பங்கை வெளியார் ஒருவர் வாங்கி, பாகப்பிரிவினை கேட்டு, நிலம் முழுவதையும் நீதிமன்ற ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. சட்ட அறிஞர் தாமஸ் மிட்செல் முன்னின்று வரைந்த சீரான பாகப்பிரிவினைச் சட்டம் 2010-ல் மாதிரியாக வெளியாகி, மாநிலம் மாநிலமாக ஏற்கப்பட்டுவருகிறது. 2018-ன் பண்ணைச் சட்டம் வாரிசு நிலத்தை உழுவோர் மாற்று ஆவணங்களைக் காட்டிப் பண்ணை எண் பெறலாம் என்றது. பெரிய மாற்றம்தான். ஆனால் இப்படியொரு மாற்று ஆவணம் உண்டு என்று அறிந்து, அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பவருக்கும் விடை சொல்பவருக்கும் அப்பெயர் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும்.

எண் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். ஓடைக்கரைக்கும் ஆள் வந்து பார்த்துவிட்டார். இப்போது உழவர் என்ன செய்வார்? இயல்பாகவே, மழைக்காலத்துக்கு முன் வேலியை ஊன்றிவிடுவோம் என்று நினைப்பார். அதுதான் செய்யக்கூடாதது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வேலைக்கு ஈக்விப் திட்டம் பொதுவாகப் பணம் தராது. சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம் என்பதன் சுருக்கம் ஈக்விப், 1996-ல் வந்தது, வேலி, தொட்டி, மூடுபயிர், காய்கறிக்கான பிளாஸ்டிக் கூடாரம் எனப் பெரும்பாலான சிறு உழவர்கள் தேடிப் போவது இதைத்தான். விண்ணப்பத்தை ஆண்டு முழுதும் கொடுக்கலாம். ஆனால் மாநிலம் குறித்த ஒரு நாளில் கையிலுள்ளவற்றைத் தொகுத்து மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துவார்கள். அந்நாளைத் தவறவிட்டவர் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். வரிசையில் நின்றவர்க்கெல்லாம் கிடைப்பதுமில்லை. 2010 முதல் 2020 வரையிலான விண்ணப்பங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, ஈக்விப் கேட்டவர்களில் 31 விழுக்காட்டினருக்கே ஒப்பந்தம் கிடைத்தது என்று கணக்கிட்டது. பாதுகாப்புப் பேணல் திட்டத்தில் 42 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்தபின், ‘உழவர்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்னும் வழக்கமான வரியை எழுதக் கை கூசும்.

ஒப்பந்தம் கிடைத்தாலும் பணம் முன்னதாக வராது. உழவர் தம் கைப்பணத்தில் வேலையை முடித்து, அது தர வரையறைப்படி இருக்கிறது என்று அலுவலர் சான்று தந்தபின் வரும். கையில் பணம் இருப்பவர்க்கு இது மானியம். இல்லாதவர்க்கு இது கடன் வாங்கச் சொல்லும் அழைப்பு. இதற்கு மாற்றாக, ‘வரலாற்றில் போதிய சேவை பெறாதோர்’ எனச் சட்டம் வகுத்த பிரிவினர் குறைந்தது பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று 90 நாளுக்குள் செலவிடலாம். அவர்களுக்குச் செலவில் 90 விழுக்காடு வரையிலும் உதவி உண்டு. பத்தாண்டுக்கு உட்பட்ட புதிய உழவர், வருவாய் குறைந்தோர், முன்னாள் படைவீரர் ஆகியோரோடு, ‘சமூக ரீதியில் பின்தங்கிய’ என்ற சொல்லால் குறிக்கப்பட்ட இனச் சிறுபான்மையினரும் இப்பிரிவில் இருந்தனர். இப்பெயரைப் பிறர் சூட்டமாட்டார்கள். விண்ணப்பத்தில் உழவரே தம்மை அப்படி அடையாளப்படுத்த வேண்டும். மூன்று தலைமுறையாகத் தன்மானத்தோடு நிலத்தைக் காத்த ஒருவர் ‘பின்தங்கியவர்’ என்ற கட்டத்தில் குறியிடத் தயங்கினால், அத்தயக்கம் எந்தக் கணக்கிலும் ஏறாது. 2025 ஜூலையில் வேளாண்மைத் துறை, இனத்தையும் பாலினத்தையும் அடிப்படையாகக் கொண்ட அச்சொல்லைத் தன் திட்டங்களில் இனிப் பயன்படுத்துவதில்லை என்று விதி வெளியிட்டது. 1990-ன் பண்ணைச் சட்டம் அவர்களைத் தேடிச் சென்று உதவச் சொன்ன சொல் அது. சொல்லை நீக்கிவிட்டால், அது சுட்டிய மக்கள் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்கான நிரலும் இல்லாமல் போகிறது.

அந்த மக்கள் யார் என்பதுதான் ஆன்சன் கவுண்டியில் உறங்கிய கேள்வி. 1930களின் பண்ணைத் திட்டங்கள் தொடங்கி இன்று வரை, எஃப்.எஸ்.ஏ.யின் உள்ளூர் முடிவுகளில் கவுண்டிக் குழுவுக்குப் பங்குண்டு. உழவர்களே தேர்ந்தெடுக்கும் 3 முதல் 11 உறுப்பினர், மூன்றாண்டுப் பதவி. தெற்கில் இக்குழுக்கள் பல்லாண்டுகள் வெள்ளையர் கையில் இருந்தன. யாருக்குப் பருத்தி ஒதுக்கீடு எவ்வளவு, யாருக்கு எது என்பதை அக்கம்பக்கத்துப் பெருநிலக்காரரே முடிவு செய்தார். 1960களில் மிசிசிப்பியில் வாக்குரிமைக்காகப் போராடிய மாணவர் அமைப்பான எஸ்.என்.சி.சி., இந்தச் சிறு குழுத் தேர்தல்களிலும் கறுப்பின வேட்பாளர்களை நிறுத்தியது. ஆளுநர் தேர்தலைவிட இது குறைந்த முக்கியத்துவம் உடையதென்று அவர்கள் எண்ணவில்லை. 1965-ல் குடியுரிமை ஆணையம் பண்ணைத் திட்டங்களில் நிலவிய பாகுபாட்டை ஆவணப்படுத்தி அறிக்கை தந்தது. பீட் டேனியல் 2013-ல் வெளியிட்ட நூல், இந்நிலப் பறிப்பு குடியுரிமைச் சட்டங்கள் நிறைவேறிய அதே ஆண்டுகளில் அலுவலக மேசைகளில் நிகழ்ந்ததை ஆவணங்களோடு காட்டுகிறது. 1920-ல் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின உழவர்கள் இருந்தனர். அன்றைய உழவர்களில் ஏழில் ஒருவர். 2022 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. இவ்வீழ்ச்சிக்குப் புலம்பெயர்வு, எந்திரம் எனப் பல காரணங்கள் உண்டு. கவுண்டி அலுவலகமும் அவற்றுள் ஒன்று என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

பிக்ஃபோர்ட் வழக்கு இதன் சட்டச் சான்று. 1981 முதல் 1996 வரை கடனிலும் உதவியிலும் பாகுபாட்டுக்கு உள்ளான கறுப்பின உழவர்களுக்காக நடந்த அவ்வழக்கில் 1999-ல் உடன்பாடு ஏற்பட்டது. எளிய வழியில் வென்றவர்க்கு 50,000 டாலர். இவ்வரலாற்றில் பலரும் கடந்துபோய்விடும் ஒரு பகுதி இருக்கிறது. கோரிக்கை அனுப்பக் குறித்த நாள் 1999 அக்டோபர். அதன்பின் காலம் தாழ்த்தி விண்ணப்பித்தோர் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பலர் சொன்னது ஒன்றே: இப்படியொரு வழக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தாமதத்தை மன்னிக்க அசாதாரணச் சூழல் வேண்டும் என்பது விதி. தெரியாமற்போனது அசாதாரணச் சூழலாகக் கொள்ளப்படவில்லை. மிகச் சிலரே ஏற்கப்பட்டனர். அரசு உதவியைப் பற்றிச் சொல்லப்படாமற்போனதற்கான இழப்பீட்டைப் பற்றியும் சொல்லப்படாமற்போன மக்கள் அவர்கள். 2008-ன் பண்ணைச் சட்டம் அவர்களுக்கு மீண்டும் வாசல் திறந்தது. 2010-ல் 125 கோடி டாலருக்கு இரண்டாம் உடன்பாடு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தொல்குடி உழவர்களின் கீப்சீகில் வழக்கும் 76 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டது.

இவ்வழக்குகள் ஏற்படுத்திய சூழலில் விளைந்த ஒரு சிறு காகிதம், பெரிய தொகைகளைவிட ஆய்வாளரின் கவனத்துக்கு உரியது. பெயர் சேவைச் சீட்டு. உழவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து உதவியோ தகவலோ கேட்டால், எந்நாள், என்ன கேட்டார், என்ன விடை தரப்பட்டது என்று எழுதித் தர வேண்டும். 2008-ல் கேட்டால் தர வேண்டும் என்றிருந்தது. 2014-ல் கேட்காவிட்டாலும் தர வேண்டும் என்றானது. “அப்படித் திட்டம் எதுவும் இல்லையே” என்ற வாய்மொழி காற்றில் கலந்துவிடும். சீட்டில் எழுதப்பட்டால் அது ஒரு சான்றாகும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றி மொழியியலில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. இச்சீட்டைப் போல அதை இவ்வளவு சுருக்கமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

உதவித் திட்டம் எப்போதுமே இப்படி மக்களைத் தேட வைத்ததில்லை. மக்களைத் தேடிப் போனதும் உண்டு. 1906-ல் டஸ்கீகியிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஜெசப் வண்டி, கலப்பையும் விதையும் ஏற்றிக்கொண்டு அலபாமாவின் கறுப்பின உழவர்களின் வயலோரத்துக்கே சென்றது. இன்னொரு சான்று மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் இருக்கிறது. 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் அங்கே மைல்ஸ்டன் என்னுமிடத்தில் பெருந்தோட்ட நிலத்தை வாங்கி, குத்தகைக்கு உழுத கறுப்பினக் குடும்பங்களுக்கு நீண்ட தவணையில் விற்றது. வீடு, கூட்டுறவு, பள்ளி எனச் சேர்த்தே கொடுத்தது. இருபது ஆண்டுகள் கழித்து 1963 ஏப்ரலில், லெக்சிங்டன் நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதிய முதன்முதலில் சென்ற பதினால்வரில் மைல்ஸ்டன் பகுதி நில உடைமையாளர்கள் முன்னின்றார்கள். அவர்களுள் ஒருவரான ஹார்ட்மன் டர்ன்போவின் வீட்டின்மீது அடுத்த மாதமே தீக்குண்டு வீசப்பட்டது. வெளியேறு என்று சொல்லப் பண்ணையார் இல்லை என்பதே அவர்களுடைய துணிவின் அடிப்படை. ஒரு கடன் திட்டம் இவ்வளவும் செய்யும் என்று அதை வகுத்தவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

இன்றைக்குக் கவுண்டிகளில் அந்த வண்டியின் வேலையைச் செய்வோர் பலர், அவர்களில் பெரும்பாலோர் துறையின் ஊழியரல்லர். மண் பாதுகாப்பு மாவட்டத்தின் ஒற்றை எழுத்தர், 1890-ன் சட்டத்தால் உருவான கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியாளர், கூட்டுறவுச் சங்கத்துக்காரர். அவர்கள் செய்வது மொழிபெயர்ப்பு. “வேலி” என்று வருபவரிடம் “கரையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று திருப்பிக் கேட்பது, முதல் மேசை எதுவென்று காட்டுவது, குறித்த நாளை நினைவூட்டுவது. இத்தகையோர் சம்பளம் பெரும்பாலும் மானியத்தில் வருவதால், நிதி நின்றால் முதலில் போவது இவர்கள்தாம். 2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் பாதுகாப்புத் திட்டங்களுக்குக் கூடுதலாக ஏறத்தாழ 1,950 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 தொடக்கத்தில் ஆட்சி மாறியதும் அந்நிதி சில காலம் முடக்கப்பட்டது. ஒப்பந்தத்தை நம்பித் தம் கைப்பணத்தில் வேலையை முடித்திருந்த உழவர்கள் அரசின் பங்குக்காகக் காத்திருந்தார்கள். அலுவலகத்தைப் பற்றிப் பாட்டனார் சொன்னது சரிதான் என்று ஒரு வீட்டில் முடிவாக அவ்வளவு போதும்.

கவுண்டிக் குழுத் தேர்தல் இப்போதும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதிக்கு முறை வரும். வாக்குச்சீட்டுகள் நவம்பரில் அஞ்சலில் போகும். டிசம்பர் தொடக்கத்துக்குள் திரும்ப வேண்டும். வாக்களிக்க ஏதேனும் உதவி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தம் பண்ணையைப் பற்றிய விவரங்களை எஃப்.எஸ்.ஏ. மேசையில் கொடுத்துப் பதிந்திருந்தாலே தகுதி உண்டு. உதவி கேட்காமல் பதிவுக்கு மட்டுமே அலுவலகம் போய்வர வேண்டும் என்று அமைப்பாளர்கள் சிறு உழவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான். பண்ணை எண் இல்லாத வீட்டின் அஞ்சல் பெட்டிக்கு அந்தச் சீட்டு வருவதில்லை.